பள்ளத்தின் விளிம்பில் பொக்லைன்: இணையாகவா, செங்குத்தாகவா?

பொக்லைன் கவிழ்ந்த விபத்தை ஆராய்பவர்கள், ஓட்டுநரைக் குறைகூறுவதற்கு முன் வண்டி நின்ற திசையைப் பார்க்க வேண்டும். சக்கரங்களுக்குப் பதிலாக வண்டி ஊர்ந்து செல்லும் செயின்கள் பள்ளத்தின் விளிம்புக்கு இணையாக இருந்தால், ஒரு செயினின் முழு நீளமும் தளர்ந்த மண்ணின் மேல் அமைகிறது. பூம் எனப்படும் நீண்ட கை பக்கவாட்டில் நீளும்போது, எந்திரம் தன் குறுகிய அகலத்தை மட்டுமே நம்பி நிற்பதோடு, மண் சரிந்தால் உடனே விலகவும் வழியில்லை. விளிம்புக்குச் செங்குத்தாக, செயின்களைச் சுழற்றும் ஓட்டு மோட்டார்கள் பின்புறம் இருக்குமாறு நிறுத்தினால், நேராகப் பின்வாங்கிவிடலாம். பள்ளத்தில் இறக்கக் குழாய் தூக்கும்போது இவ்வேறுபாடு இன்னும் கடுமையானது: பொக்லைன்களின் தூக்குதிறனுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 10567-இன்படி, உறுதியான சமதளத்தில்கூட, அனுமதிக்கப்படும் சுமை கவிழ்க்கும் சுமையில் 75 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, பக்கவாட்டில் தூக்கும்போது அந்தச் சுமையின் அளவு பெரும்பாலும் குறைவு. குறுகிய சாலைகளில் இணையாக நிறுத்துவது தவிர்க்க முடியாதபோது, விளிம்பிலிருந்து தள்ளி நிற்பதும் சீட் பெல்ட் அணிவதும் கட்டாயம், ஏனெனில் கவிழும் வண்டியிலிருந்து குதிப்பவர் அதன் அடியிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும்.