கேட்பதா, அளப்பதா?

"உடம்பு எப்படி இருக்கு அப்பத்தா?" என்றால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். வடகம் காயவைக்க அவர் மாடி ஏறி இரண்டு வருஷம் ஆகிறது.

மக்களின் உடல்நலத்தை அறிய ஒரு வழி, இப்படி அவர்களையே கேட்பது. செலவு குறைவு. ஆனால் யார் வாய் திறக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். வங்கப் பஞ்சத்துக்கு மறுவருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் கேட்டபோது, மனைவியை இழந்த ஆண்களில் 48.5% பேர் உடம்பு சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5%தான். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டும் கணக்கு இது. ஆயுள் நீண்ட கேரளத்தில் நோய் சொல்பவர்கள் அதிகம், பீகாரில் குறைவு என்பதையும் 2002இல் அவர் எழுதினார். படிப்பும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால்தானே, படுகிற பாட்டுக்கு நோய் என்று ஒரு பெயர் இருப்பதே தெரியும்?

சரி, அளந்தே பார்த்துவிடலாம். 2019-21இல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் குழந்தையை உயரப் பலகையில் நிறுத்தினார்கள், எடை பார்த்தார்கள், விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். 'கல்லு மாதிரி' பேச்செல்லாம் அங்கே செல்லாது. அந்தத் தரவை வைத்துத்தான் ஒன்றிய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக், வருமானத்தைக் கேட்காமல் உடல்நலம், படிப்பு, வாழ்க்கை வசதி ஆகியவற்றில் உள்ள குறைகளைக் கூட்டிப் பார்க்கும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டைப் போடுகிறது. 12 அம்சங்கள். மொத்த மதிப்பெண்ணில் ஊட்டச்சத்துக்கு ஆறில் ஒரு பங்கு. மொத்தக் குறை மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் ஏழைக் குடும்பம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தை இருக்கும் வீட்டில் கேஸ் அடுப்பு, கழிப்பறை, பாஸ்புக் என்று மற்ற எல்லாம் இருந்தால், ஊட்டச்சத்துக் குறைக்கான ஆறில் ஒன்றோடு கணக்கு நின்றுவிடும். அது ஏழை வீடு இல்லை. 2019-21 தரவுப்படி தமிழ்நாட்டில் இவ்வகை ஏழைகள் 2.2%. அதே கணக்கெடுப்பில் இங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25% பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. குத்தி எடுத்த அந்த ரத்தத்துக்குக் குறியீட்டில் இடமே இல்லை.

மாநிலங்களை வரிசைப்படுத்தக் குறியீடு போதும். ஒரு மாவட்டத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்க, நான் தனித்தனி எண்களைத்தான் கேட்பேன்.

அப்பத்தாவின் முட்டிவலியோ எந்தப் பலகைக்கும் அகப்படாது. அதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் வேறு மாதிரி. ஊனத்தைக் கணக்கெடுக்க ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழு வகுத்த கேள்விகளில் ஒன்று: நடக்கவோ படி ஏறவோ சிரமம் இருக்கிறதா? கொஞ்சமா, ரொம்பவா, முடியவே முடியாதா?

கேட்டுப் பார்த்தேன். "நான் எங்கடா படி ஏறுறேன், சிரமப்பட?" என்றார்.