இரண்டாயிரம் பவுண்டுக்கு ஒரு 125: புதிய சீன பைக்கா, பழைய யமஹாவா, பழைய ஹோண்டாவா?

பிரிட்டனில் 17 வயது ஆனவர், தற்காலிக உரிமத்தோடு சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டால், 'எல்' பலகை மாட்டிக்கொண்டு 125 சிசி வரை ஓட்டலாம். திறன் 11 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது, மோட்டார்வேயில் ஏறக் கூடாது, சான்றிதழ் இரண்டு ஆண்டுகள் செல்லும். மாணவர்களும், இரவு வேலை முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களும், உணவு விநியோகம் செய்பவர்களும் இந்த வழியில்தான் முதல் பைக்குக்கு வருகிறார்கள். கையில் ஏறத்தாழ 2,000 பவுண்டு இருக்கும். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சைனா பைக் வாங்கலாமா?"

கேள்வியே கொஞ்சம் கோணலானது. இந்த விலையில் எல்லோரும் கைகாட்டும் பழைய யமஹா ஒய்பிஆர் 125, சீனாவின் சோங்சிங் நகரில் யமஹாவின் கூட்டு நிறுவனம் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அதற்குப் போட்டியான ஹோண்டா சிபிஎஃப் 125 இந்தியாவில் தயாரானது. நம் ஊரில் ஸ்டன்னர் என்று ஓடியதன் உடன்பிறப்பு. பிஎம்டபிள்யூவின் எஃப் 850 ஜிஎஸ்ஸுக்கு எஞ்சின் செய்ததும் சோங்சிங்கைச் சேர்ந்த லோன்சின்தான். ஆகவே எந்த நாட்டில் செய்தார்கள் என்பதை விட்டுவிடலாம். தொழிற்சாலை வாசலில் யார், எவ்வளவு கறாராகச் சோதித்தார்கள், ஐந்து ஆண்டு கழித்து ஒரு கேபிள் வேண்டுமென்றால் எங்கே கிடைக்கும் என்ற இரண்டும்தான் முக்கியம்.

லெக்ஸ்மோட்டோ, சின்னிஸ் போன்றவை பிரிட்டிஷ் இறக்குமதியாளர்கள் வைத்த பெயர்கள். உள்ளே இருக்கும் வண்டி வெவ்வேறு சீன ஆலைகளில் இருந்து வருகிறது. அதனால் "அந்தப் பிராண்ட் நல்லதா?" என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை, மாடலுக்கு மாடல் ஆலை மாறும். எஞ்சின் எண்ணின் தொடக்கத்தைப் பார்ப்பது அதைவிட உதவும். 156எஃப்எம்ஐ என்றிருந்தால் ஒற்றை சிலிண்டர், துளை விட்டம் 56 மில்லிமீட்டர் அளவு, காற்றில் குளிர்வது, 125 சிசி வகை என்று பொருள். பெரும்பாலும் அது ஹோண்டா சிஜி 125-இன் வழிவந்தது. 157 என்றால் சுஸுகி ஜிஎன் 125 பக்கம் பார்க்கலாம். 154 என்றால் ஒய்பிஆர் வழி. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் உதிரிபாகம் தேடும்போது இந்த மூன்று இலக்கங்கள் பெட்ரோல் தொட்டியில் ஒட்டிய பெயரைவிடப் பலமடங்கு உதவும்.

சிஜி எஞ்சினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. 1976-இல் வந்தது. எண்ணெய் மாற்றாமல், பாரம் ஏற்றி, புழுதியில் ஓட்டும் நாடுகளை மனதில் வைத்து ஹோண்டா வடிவமைத்தது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேலே தலையில் இல்லை. கீழே, கிராங்க் பக்கத்தில் பற்சக்கரத்தால் சுற்றுகிறது. புஷ்ராடுகள் என்ற நீண்ட தண்டுகள் வால்வைத் திறக்கின்றன. தளர்ந்துபோக, கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் செயினே கிடையாது. பாகிஸ்தானில் இன்றும் ஓடுகிறது. மலிவு சீன பைக் என்று முகம் சுளிக்கப்படும் வண்டிகளில் பலவற்றின் நெஞ்சுக்குள் இருப்பது, உலகின் மிகப் பொறுமையான எஞ்சின்களில் ஒன்றின் நகல்.

சிக்கல் எஞ்சினைச் சுற்றி இருப்பவற்றில்தான். விலையைக் குறைக்க ஆலை முதலில் கைவைப்பது கிரீஸ், போல்ட், பெயின்ட், டயர் ஆகியவற்றில். ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கில் பெயருக்குத்தான் கிரீஸ் இருக்கும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் அச்சு காய்ந்து கிடக்கும். வயரிங் இணைப்புகள் மழைக்குத் திறந்தே இருக்கும். போல்ட் தலைகள் மென்மையானவை. ஒருமுறை தவறான ஸ்க்ரூடிரைவரை வைத்தால் வழுக்கிவிடும். சில மாடல்களில் வரும் ஆரம்ப டயர்கள் ஈரத் தரையில் சோப்புக் கட்டி மாதிரி. முதல் மழைக்கு முன் மாற்றிவிடுவது மருத்துவச் செலவைவிட மலிவு.

எனவே புதிய சீன 125 வாங்குகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். வெளியில் தெரியும் நட்டு, போல்ட் அனைத்தையும் சரியான முறுக்கில் இறுக்கி, தேவையான இடங்களில் போல்ட் தளராமல் பிடிக்கும் திரெட்லாக் பசையைப் பூச வேண்டும். சக்கர அச்சிலும் ஸ்விங்ஆர்மிலும் கிரீஸ். மின் இணைப்புகளில் நீர் விலக்கும் கிரீஸ். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ஜிகே நிறுவனத்தின் பிளக் ஒன்றைப் போடுங்கள். சிஜி வகை எஞ்சின் என்றால் அநேகமாக டி8இஏ. கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்களில் எண்ணெய் விடுங்கள். செயினின் இழுவை சரியா என்று பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்கித்தான் அனுப்புகிறார்கள். முதல் 500 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்தால் மினுமினுக்கும் துகள் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். எஞ்சினில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் எண்ணெய், காகித வடிகட்டியும் கிடையாது, ஒரு கம்பிவலையும் சுழல் வடிகட்டியும் மட்டும். அதனால் அடிக்கடி மாற்றுவதுதான் வடிகட்டி. டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, குளிர்ந்த நிலையில் சரிபார்க்க ஒரு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு போதும்.

உத்தரவாதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமாக இரண்டு ஆண்டு தருகிறார்கள், ஆனால் சர்வீஸ் டீலரிடமே, குறித்த தூரத்தில் நடந்திருக்க வேண்டும் என்பார்கள். நீங்களே எண்ணெய் மாற்றினால் உரிமை போகலாம். டீலரிடம் போனால், மலிவு விலையில் மிச்சம் பிடித்த பணம் சர்வீஸ் கூலியாகக் கரைகிறது. எந்தப் பாதையில் போகப் போகிறோம் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது உப்பு. குளிர்காலத்தில் பிரிட்டனின் சாலைகளில் பாறை உப்பைத் தூவுகிறார்கள்; செஷயரின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் வெட்டப்படுவது அதில் ஒரு பெரும் பகுதி. மூன்று வண்டிகளும் இந்த உப்புக்கு முன் ஒரே வரிசையில் நிற்பவைதான், தாங்கும் காலம்தான் வேறு. சீன பைக்கின் ஸ்போக், சைலன்சர், போல்ட் தலைகளில் முதல் குளிர்காலம் முடிவதற்குள் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். ஓட்டி வந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஏசிஎஃப்-50 போன்ற துரு தடுப்பு எண்ணெயை பிரேக் டிஸ்க்கும் டயரும் தவிர மற்ற இடங்களில் பூசினால் அந்தக் கணக்கு நன்றாக மாறும். சோம்பேறிக்கு இந்த வண்டி ஒத்துவராது என்று நான் சொல்வதற்குக் காரணம் எஞ்சின் இல்லை, இந்த உப்புதான்.

பழைய ஒய்பிஆருக்கும் துரு உண்டு. எக்ஸாஸ்ட் குழாயையும் முன் ஃபோர்க் குழாய்களையும் முதலில் பாருங்கள்; ஃபோர்க்கில் துருப்புள்ளி இருந்தால் எண்ணெய் சீல் வெட்டுப்பட்டுக் கசியும், எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிப் பரிசோதனையிலும் மாட்டும். மற்றபடி இது தலையை வலிக்கச் செய்யாத வண்டி. 2007-க்குப் பிந்தையவற்றில் எரிபொருள் இன்ஜெக்ஷன் இருப்பதால் காலைக் குளிரில் சோக்கோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். நன்றாகப் பராமரித்தது என்றால், பயிற்சி ஓட்டுநர் ஒருவர் விற்பது இன்னொரு பயிற்சி ஓட்டுநரின் கைக்குச் சில நாளிலேயே போய்விடும். விலை அவ்வளவாக விழாது. குறை என்று சொன்னால், அதையும் நெடுநாள் விநியோகத் தொழிலில் உருட்டி, கிலோமீட்டர் குறைவாக இருப்பதாகக் காட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய எம்ஓடி பதிவுகளை அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆண்டு அங்கே இருக்கும் மைல் கணக்கு பொய் சொல்லாது.

சிபிஎஃப் 125 இதைவிடக் கொஞ்சம் விரைவானது, எரிபொருளும் சிக்கனம். ஆனால் எண்ணெய் குறைந்துபோனால் இந்தச் சிறு எஞ்சின் மன்னிக்காது. 4,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்ற கையேட்டுக் கணக்கை முந்தைய உரிமையாளர் மதித்தாரா என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் நான் ஒய்பிஆருக்கே திரும்புவேன்.

வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரே வரி: மூன்றும் மணிக்கு 95, 100 கிலோமீட்டர் பக்கத்தில் மூச்சு வாங்கும்.

புதிய சீன வண்டிக்கு இன்னும் ஒரு வாதம் இருக்கிறது, அதை அதன் எதிரிகள் சொல்ல மாட்டார்கள். 2017 முதல் யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகை விதி நடைமுறைக்கு வந்தபோது மலிவு பைக்குகளிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. 125 வகைக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அல்லது முன்பின் பிரேக் இணைந்த சிபிஎஸ், இரண்டில் ஒன்று கட்டாயமானது. அதற்கு முன் வந்த சீன பைக்கின் கெட்ட பெயரை இன்றைய வண்டியின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. ஏபிஎஸ் இல்லாத பழைய ஒய்பிஆரைவிட, ஏபிஎஸ் உள்ள புதிய வண்டி, ஈரத்தில் பதறி பிரேக்கை அழுத்தும் புதியவருக்குப் பாதுகாப்பானது. என் தராசில் இது கனமான எடை.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் குழாயும் இருந்தால் புதிய சீன பைக்கை நான் தடுக்க மாட்டேன். அதில் சிஜி எஞ்சின் இருந்தால் ஊக்கமும் கொடுப்பேன். இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தெருவில் வண்டியை நிறுத்தி, தினமும் மழையில் வேலைக்குப் போகிறவருக்கு ரசீதுகளோடு வரும் ஒய்பிஆர். விநியோகத் தொழிலுக்கு என்றால், வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்தத் தொழிலுக்கான தனிக் காப்பீட்டு விலையைக் கேட்டுவிடுங்கள். சாதாரண காப்பீடு விநியோக வேலைக்குச் செல்லாது. அந்தக் கட்டணம் வண்டி விலைக்கே சவால் விடும். பழையதை வாங்கும் நாளில் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். அதற்கு நூறு பவுண்டு குறைத்துக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள்.