இரண்டு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களுடன் ஏழு வருடம்

கடையில் முதல் ஜோடி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம்தான் எடுத்துக்கொண்டேன். வரிசையாக நாலு ஜோடி போட்டுக் காட்டினார்கள். மற்ற மூன்றையும்விட அதில் ஒலி பளிச்சென்று இருந்தது. சிம்பலின் கணீர் தனியாகத் தெரிந்தது, பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மனப்பாடமான பாட்டிலேயே இவ்வளவு நாள் கேட்காத விஷயங்கள் கேட்கின்றனவே என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் முதல் இரண்டு வாரமும் அதே சந்தோஷம்.

மூன்றாவது மாதம் வாக்கில் ஒன்றைக் கவனித்தேன். ஒரு ஆல்பத்தை முழுதாக உட்கார்ந்து கேட்பது நின்றுபோயிருந்தது. நாலு பாட்டுக்குள் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகும், அப்புறம் அணைத்துவிடுவேன். பெண் குரலில் 'ஸ' வருகிற இடமெல்லாம் ஊசி குத்துவது போல இருந்தது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் காது கூசியது. புது ஸ்பீக்கர் ஓட ஓடப் பழகும் என்று பலர் சொல்வார்கள். நானும் அதை நம்பி ஒன்றரை வருடம் ஓட்டினேன். என் அனுபவத்தில், முதல் சில வாரங்களில் பழகுவது பெரும்பாலும் நம் காதுதான். ஆறு மாதத்துக்கு அப்புறமும் உறுத்துகிற ஒலி, அந்த ஸ்பீக்கரின் குணம்.

பத்து நிமிடத்தில் ஏன் ஏமாந்தேன் என்பது பிறகு புரிந்தது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதுதான் அது. நான் வாங்கியது 88 டெசிபல். அன்று பக்கத்தில் இருந்தவற்றில் ஒன்று 85. ஆம்பின் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரின்) சத்தக் குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், 88 உள்ளது 3 டெசிபல் சத்தமாகக் கேட்கும். கொஞ்சமே சத்தம் கூடும்போது, சத்தம் கூடியிருக்கிறது என்று நமக்குத் தோன்றாது. 'இது தெளிவாக இருக்கிறது, பேஸ் (கனமான அடி ஒலி) நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். அதோடு ட்ரெபிளும் (மெல்லிய உச்ச ஒலிகளும்) ஒரு படி தூக்கலாக இருந்தால், குறுகிய நேரத்தில் கேட்பவர் மயங்கத்தான் செய்வார்.

அதனால் இரண்டாவது ஜோடியை வேறு விதமாகத் தேடினேன். திருப்பிக் கொடுக்கலாம் என்ற உறுதியோடு வீட்டுக்கே எடுத்துவந்து, பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்தேன். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை ஒலியை ஓடவிட்டு, நான் உட்காரும் இடத்திலேயே கைப்பேசியின் ஒலி அளக்கும் செயலியை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். கைப்பேசி காட்டும் டெசிபல் துல்லியமானது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே கைப்பேசி, அதே இடம் என்றால் ஒப்பிடுவதற்குப் போதும். இந்த ஒரு வேலையைச் செய்ததுமே பழைய ஜோடியின் 'தெளிவு' பாதிக்கு மேல் காணாமல் போனது.

இன்னொன்று, மோனோவில் கேட்பது. ஒரு ஜோடியிலிருந்து ஒன்று, மற்றதிலிருந்து ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். ஸ்டீரியோவில் ஒலி விரிந்து பரவுவதால் குறைகள் மறைந்துகொள்ளும், ஒற்றை ஸ்பீக்கரில் அப்படி ஒளிய இடமில்லை. மெல்லிய துணியால் இரண்டையும் மூடி, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் நண்பரை மாற்றச் சொன்னேன். இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் போட்ட மதிப்பெண்ணும் பார்க்காமல் கேட்டபோது போட்ட மதிப்பெண்ணும் வேறுபட்டன. பழகிய காது உள்ளவர்களும் இதற்கு விலக்கல்ல. எனக்கும் அதுவே நடந்தது. பார்க்க அழகான பழைய ஜோடிக்கு, துணிக்குப் பின்னால் நான் ஒருமுறைகூட ஓட்டுப் போடவில்லை.

கேட்டுப் பார்க்க என்ன போடுவது? அதிரடியான பாட்டுகளை முதலில் ஒதுக்குங்கள். நான் முக்கால்வாசி நேரம் பேச்சையே கேட்டேன், எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் பேசிய பதிவு. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பதில் நம் காது பெரிய நிபுணர். மூக்கடைத்த மாதிரி, பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் உடனே பிடித்துவிடும். பிபிசியின் பொறியாளர்கள் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான அறைக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மானிட்டரை (ஒலியைச் சரிபார்க்க உதவும் ஸ்பீக்கரை) உருவாக்கினார்கள். சுமார் 5 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி. அதில் ஆழமான பேஸ் கிடையாது, சத்தமாகவும் ஓட்ட முடியாது. ஆனால் குரல் குரலாகவே கேட்கும். அந்த ஒரு குணத்துக்காக இன்றும் அதைத் தேடுகிறார்கள். பேச்சுக்கு அப்புறம் ஒற்றைப் பியானோ, பிறகு மிருதங்கம். இடந்தலை 'தொம்' என்று வந்து நிற்கிறதா, இல்லை அறை முழுக்க வழிந்துகொண்டே போகிறதா என்று பார்த்தேன்.

இரண்டாவது ஜோடி மூடிய பெட்டி, 16 செ.மீ. வூஃபர் (பேஸ் ஒலி தரும் பெரிய கூம்பு), 85 டெசிபல். முதலாவது 13 செ.மீ. வூஃபர், பின்பக்கம் போர்ட், அதாவது காற்று போய்வர ஒரு துளை. மாடல் பெயர்களைச் சொல்லவில்லை. இரண்டுமே இப்போது உற்பத்தியில் இல்லை, தேடினாலும் கிடைக்காது.

போர்ட் உள்ளது கெட்டது, மூடியது நல்லது என்று சொல்ல வரவில்லை. இரண்டும் அறையோடு சேரும் விதம் வேறு. போர்ட் உள்ள பெட்டியில் பேஸ் கொஞ்சம் கீழே வரை இறங்கும். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் என்று சடாரென விழும். மூடிய பெட்டி முன்னதாகவே குறையத் தொடங்கும், ஆனால் ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்று நிதானமாக இறங்கும். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் சுவர் பேஸைக் கூட்டிக் கொடுக்கும், அந்த நிதானமான இறக்கத்தை அது பாதி சரிக்கட்டிவிடும். என் அறையில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 25 செ.மீ.க்கு மேல் முன்னால் இழுக்க இடமில்லை. அங்கே பின்பக்க போர்ட் முழங்கித் தள்ளியது. போர்ட்டில் ஸ்பாஞ்சு அடைத்ததும் கணிசமாக அடங்கியது. இதைச் செய்து பார்க்காமல் அந்த மாதிரி ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம்.

ஸ்பீக்கரைவிட அறைதான் என்னை அதிகம் படுத்தியது. என் அறையில் ஸ்பீக்கர் இருக்கும் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் 3 மீட்டர். ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை அந்தத் தூரத்தின் இரட்டிப்பால், அதாவது 6ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் ஒலியை அறையே வீங்க வைக்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதன் மேலேயே. சோஃபா பின்சுவரை ஒட்டி இருந்ததால் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்தது. ஸ்பீக்கர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சோஃபாவை 50 செ.மீ. முன்னால் தள்ளினேன். அந்த மாற்றம், இரண்டு ஜோடிகளுக்கும் இடையிலான பேஸ் வித்தியாசத்தைவிடப் பெரியதாக இருந்தது!

புக்‌ஷெல்ஃப் என்று பெயர் இருந்தாலும் அலமாரிக்குள் புத்தகங்களுக்கு நடுவே தள்ளாதீர்கள். நான் உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்னப் பகுதி) வருகிற மாதிரி ஸ்டாண்ட் போட்டேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றிலிருந்தும் எனக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமம். ட்ரெபிள் அதிகமுள்ள ஸ்பீக்கரை நேராகக் காதை நோக்கித் திருப்பாமல் கொஞ்சம் விலக்கி வைத்தால் கூர்மை குறையும், காசு செலவில்லாத வழி.

ஆம்ப் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும் என்பது உண்மை. ஆனால் இரண்டரை மீட்டர் தூரத்தில் வீட்டு அளவில் கேட்கும்போது பெரும்பாலும் சில வாட்டுகளே செலவாகின்றன. என் 40 வாட் ஆம்ப் ஒருநாளும் திணறவில்லை. ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் சில அலைவரிசைகளில் 4 ஓம் பக்கம் இறங்கும், அதை மட்டும் ஆம்ப் தாங்குமா என்று பாருங்கள். வயர் சாதாரணச் செம்பு வயர்தான். ஆனால் சிவப்பு கறுப்பு முனைகள் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள். ஒன்றில் மாறிப்போனால் நடுவில் நிற்க வேண்டிய குரல் கரைந்துவிடும், பேஸும் மெலிந்துவிடும்.

இரண்டாவது ஜோடி வந்து ஐந்து வருடம் ஆகிறது. வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பர் என்பதால் வெடிப்பு எதுவும் இல்லை. ஃபோம் வளையமாக இருந்தால் வருடங்கள் போகப்போக உதிர ஆரம்பிக்கும், பழையது வாங்குபவர்கள் முதலில் அதைப் பாருங்கள். ட்வீட்டர் மேல் விரல் படாமலிருக்க வலையைக் கழற்றுவதே இல்லை. மாலையில் போட்டால் இரண்டு மணி நேரம் போவது தெரிவதில்லை. முன்பெல்லாம் பாட்டை மாற்றிக்கொண்டே இருப்பேன், இப்போது ஆல்பம் அதன் போக்கில் முடிகிறது.

முதல் ஜோடி வேலை மேசைக்குப் போய்விட்டது. போர்ட்டில் ஸ்பாஞ்சு, ஆம்பில் ட்ரெபிள் இரண்டு படி குறைவு, மெல்லிய சத்தம். அந்த நெருக்கத்தில் அது நன்றாகவே பாடுகிறது.