கார்புரேட்டரைக் கழற்றலாம், அந்த நான்கு ஸ்க்ரூ விட்டால்

"காலையில் சோக் போட்டால் வண்டி ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை நானே கழற்றிப் பார்க்கலாமா?" என்று நண்பர் கேட்டிருந்தார். என் வண்டிக்குச் சில வருஷமாக நானேதான் பார்க்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கார்புரேட்டர்தான் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது. அவர் சொல்லும் அறிகுறிக்கு முதல் சந்தேகம் அதற்குள் இருக்கும் ஸ்லோ ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டின் மேல்தான். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓடும்போது, பெட்ரோல் அது வழியாகத்தான் வரும். துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி ஓடாமல் கிடந்தால் கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும். முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் முழு வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. கிளீனர் அடித்து ஊறவிட்டுக் காற்று அடியுங்கள். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும்.

டியூனிங்தான் இதில் சுகமான பகுதி. காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதே சுற்று. அப்புறம் இன்ஜின் நன்றாகச் சூடானதும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் ஓரிடத்தில் ஐடிலிங் தானாக ஏறி, சத்தம் சீராகும். அங்கே நிறுத்தி, ஏறிய வேகத்தை ஐடில் ஸ்க்ரூவில் குறைத்துவிடலாம். இன்ஜின் பேச்சுக் கேட்கிற மாதிரி இருக்கும். மிக்சர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடும், இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். இது தெரியாவிட்டால் தலைகீழாகத்தான் டியூன் பண்ணுவோம்.

இவ்வளவும் சரி. ஆனால் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் அந்த நான்கு ஸ்க்ரூவை யார் வடிவமைத்தார்களோ! வெண்ணெய் மாதிரி உலோகம், கை போகாத இடம். ஜப்பான் கார்புரேட்டர் என்றால் அது வழக்கமான பிலிப்ஸ் (ஸ்டார்) தலையும் இல்லை, பார்க்க அதேபோல இருக்கும் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தரத்துத் தலை. பெரும்பாலும் ஓரத்தில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். வீட்டில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி வழுக்கி, தலை மழுங்கிவிடும். இன்று தம்பி வண்டியில் மூன்று வந்தது, நான்காவது எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. இந்த நிமிஷம் கேட்டால் மெக்கானிக்கிடமே விடுங்கள், அடுத்த வண்டியை கார்புரேட்டரே இல்லாத இன்ஜெக்ஷனாகவே வாங்குங்கள் என்பேன்.

அதையும் மீறி உட்காருகிறவர்கள் ஜே.ஐ.எஸ். டிரைவரை முதலில் வாங்குங்கள். திருகும் முன் அதன் பின்னால் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். கழன்றதும் நான்கையும் தூக்கிப் போட்டுவிட்டு அதே அளவு ஆலன் ஸ்க்ரூ (தலையில் ஆறுமூலைக் குழி உள்ளது) மாட்டுங்கள். இறுக்கும்போது மட்டும் கை அடக்கம் வேண்டும். கார்புரேட்டர் உடம்பில் மரை போய்விட்டால், அப்புறம் ஸ்க்ரூவைத் திட்டவும் முடியாது.