300 ஓம் ஹெட்ஃபோனுக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்: டாங்கிளா, டிரான்சிஸ்டரா, வால்வா?

புதிதாக ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கியவர் அடுத்துத் தேடுவது அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரைத்தான். அந்தத் தேடலில் முதலில் கண்ணில் படுவது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு. ஆனால் தம் ஹெட்ஃபோனுக்கு எத்தனை வோல்ட்டும் எத்தனை மில்லிஆம்பியரும் வேண்டும் என்பது தெரியாதவரை அந்தக் கணக்கால் பயன் ஏதும் இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டுக்கு, 2003 முதல் பலரும் விரும்பிக் கேட்டுவரும் சென்ஹைசர் ஹெச்.டி. 650ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். அது 300 ஓம் மின்மறுப்புள்ள (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) டைனமிக் வகை, அதாவது காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் ஒலி எழுப்புவது. அதற்கு நேர் எதிர்த் துருவமாக, ஓட்டுவதற்கு மிகக் கடினமானது என்று பெயர் பெற்ற ஹைஃபைமேன் ஹெச்.இ.-6 என்ற 50 ஓம் பிளேனரையும் (மெல்லிய படலத்தில் பரப்பிய கடத்தித் தடங்களால் ஒலி எழுப்பும் வகை) அவ்வப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. ஹெச்.டி. 650இன் உணர்திறன் 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். இசையின் உச்சங்கள் 110 டெசிபெல் வரை சிதையாமல் எழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதற்குச் சுமார் 2.2 வோல்ட் தேவை. மின்னோட்டமோ 7.5 மில்லிஆம்பியர்தான், திறன் 17 மில்லிவாட்தான். ஹெச்.இ.-6இன் உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். அதே 110ஐ அது எட்ட ஏறத்தாழ 450 மில்லிவாட் வேண்டும், அதாவது 4.7 வோல்ட்டும் 95 மில்லிஆம்பியரும். மின்னழுத்தம் இரண்டு மடங்குதான் கூடுகிறது, மின்னோட்டம் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இங்கே ஒரு நிறுவனம் உணர்திறனை வோல்ட்டுக்கும் இன்னொன்று மில்லிவாட்டுக்கும் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றாமல் எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

110 டெசிபெல் உச்சம் என்பது குறைவான இலக்கு அல்ல. பெரும்பாலான பதிவுகளில் சராசரி ஒலி உச்சத்தைவிட 15 முதல் 20 டெசிபெல் வரை தாழ்ந்திருப்பதால், சராசரி 90 டெசிபெல்லைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பதை எல்லையாகக் கொள்கிறது. செவியைக் காத்துக்கொள்ள நினைப்பவருக்கு அந்த 17 மில்லிவாட்டே தாராளம்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், கைபேசியிலோ கணினியிலோ செருகும் சிறு ஹெட்ஃபோன் இணைப்பியான, பலரும் ஏளனமாக ஒதுக்கும் டாங்கிள் அவ்வளவு மோசமான தேர்வு அல்ல. ஆப்பிளின் யு.எஸ்.பி.-சி டாங்கிள் ஏறத்தாழ 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் மாதிரி அதில் பாதிதான் தரும். அந்த 1 வோல்ட்டில் ஹெச்.டி. 650 உச்சத்தில் 103 டெசிபெல்லையும் சராசரியில் 83 முதல் 88 டெசிபெல்லையும் எட்டும். அழுத்திப் பதிவான பாடல்களை இரவில் அமைதியான அறையில் கேட்பவருக்கு இது போதும். ஒலியேற்றத்தாழ்வு மிகுந்த இசைக்குழுப் பதிவுகளில்தான் ஒலியளவு முழுமையாக ஏறிய பின்னும் மெல்லிய பகுதிகள் தொலைவில் நிற்பதுபோல் இருக்கும். டாங்கிளை ஹெட்ஃபோனோடு சேர்த்தே வாங்கி, அதில் என்ன குறைகிறது என்பதைக் காதால் உணர்ந்த பிறகு ஆம்ப்ளிஃபயர் தேடுவதுதான் சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவிகளும் இதே பாதையின் அடுத்த படிதான். 2 வோல்ட்டுக்கு மேல் தருபவை இந்த ஹெட்ஃபோனுக்குப் போதுமானவை. இடம்விட்டு இடம் போகிறவரைத் தவிர மற்றவர்கள் அவற்றின் பேட்டரியைப் பராமரிக்கும் சுமையை ஏற்க வேண்டியதில்லை.

மேசை மேல் வைக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரிடம் வருவோம். 2011இல் நியூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய பொறியாளர் ஒருவர் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்றை முழு அளவீடுகளுடன் எல்லோருக்கும் திறந்து வைத்தார். சிறிய பெட்டி, சாதாரணப் பாகங்கள், ஏறத்தாழ அரை ஓம் வெளியீட்டு மின்மறுப்பு (ஆம்ப்ளிஃபயரின் வெளியீடே காட்டும் எதிர்ப்பு), காதுக்கு எட்டாத அளவு சிதைவு என்ற அந்த இலக்கணத்தையே பின்னர் வந்த ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம், ஷீட் மாக்னி, டாப்பிங் எல்30 போன்றவை இன்னும் செம்மையாக்கின. இவற்றுக்கிடையே அளவீட்டில் வேறுபாடுகள் உண்டு. ஒலியளவைச் சமப்படுத்திய பிறகு அவற்றை ஹெச்.டி. 650இல் காதால் பிரித்தறிவது மிகக் கடினம். ஆகவே இந்த வகைக்குள் தேர்ந்தெடுப்பவர் சிதைவின் கடைசித் தசமப் புள்ளிக்காகச் சண்டையிடத் தேவையில்லை. தமக்கு வேண்டிய இணைப்புகள், உறுதியான குமிழ், சரியான கெயின் (உள்ளே வரும் மின்னழுத்தத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பது) ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும்.

இவற்றுள் கெயினைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்கியவர் மனம் கசப்பது பெரும்பாலும் அங்கேதான். மேசைக்கான டி.ஏ.சி.கள் (டிஜிட்டல் இசையை மின்சமிக்ஞையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் கருவிகள்) பொதுவாக 2 வோல்ட் தருகின்றன. நமக்குத் தேவையானது 2.2 வோல்ட். அப்படியென்றால் இங்கே ஆம்ப்ளிஃபயர் மின்னழுத்தத்தை ஏறத்தாழ பெருக்கவே வேண்டியதில்லை, உள்ளே வருவதைத் தளராமல் சுமந்து ஹெட்ஃபோனிடம் சேர்த்தாலே அதன் வேலை முடிந்தது. அதற்குப் பதிலாக ஐந்து மடங்கு கெயினில் வைத்துக் கேட்டால், குமிழைத் தொடக்கத்திலிருந்து ஒரு விரல் அசைவுக்குத் திருப்பிய உடனேயே ஒலி போதும் போதும் என்றாகிவிடும். விலை குறைந்த பொட்டென்ஷியோமீட்டர்களில் (குமிழுக்குள் இருந்து ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) இடம், வலம் என்ற இரண்டு தடங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடம் அந்தத் தொடக்கப் பகுதிதான். நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இடது காதுப் பக்கம் நகர்ந்திருக்கும், குமிழை இன்னும் சற்றுத் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் அதற்குள் ஒலி தாங்க முடியாததாகியிருக்கும். ஹெட்ஃபோனில் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்புகிறவர்கள் முதலில் கெயின் பொத்தானைக் குறைந்த நிலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

டிரான்சிஸ்டருக்கு இங்கே உண்மையான போட்டி, வெளியீட்டு மின்மாற்றி இல்லாத ஓ.டி.எல். வகை வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர்தான். பாட்டில்ஹெட் கிராக், டார்க்வாய்ஸ் 336 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கிராக்கில் 12ஏயு7 என்ற சிறிய வால்வு மின்னழுத்தத்தைப் பெருக்க, 6080 என்ற பெரிய வால்வு ஹெட்ஃபோனை ஓட்டுகிறது. இதன் வெளியீட்டு மின்மறுப்பு 120 ஓம் அளவில் இருக்கிறது. 1996இல் வந்த ஐ.இ.சி. 61938 என்ற தரநிலையும் ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு இதே 120 ஓமைத்தான் குறித்தது என்பதால், இந்த எண்ணைக் கண்டதுமே குறை என்று தள்ளிவிட முடியாது.

அந்த 120 ஓம் செய்யும் வேலையைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஹெச்.டி. 650 எல்லா அதிர்வெண்ணிலும் 300 ஓம் அல்ல. 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 320 ஓமாக இருக்கும் அதன் மின்மறுப்பு, 80 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் 500 ஓம் அளவுக்கு எழுகிறது. வெளியீட்டு மின்மறுப்பு அரை ஓமாக இருந்தால் இந்த மேடு பள்ளம் ஒலியில் தெரியவே தெரியாது. 120 ஓமாக இருந்தால் 1 கிலோஹெர்ட்ஸில் மின்னழுத்தத்தின் 73 விழுக்காடும், 80 ஹெர்ட்ஸில் 81 விழுக்காடும் ஹெட்ஃபோனைச் சேர்கின்றன. இதனால் பேஸ் பகுதி ஏறத்தாழ 0.9 டெசிபெல் உயர்கிறது. வால்வின் இதமான பேஸ் என்று புகழப்படுவதில் பெரும்பங்கு இந்த எளிய பிரிப்புக் கணக்குதான். இதோடு உதரவிதானத்தின் மீதான மின்சாரப் பிடியும் சற்றுத் தளர்வதால் தாழ்ந்த சுருதிகள் கொஞ்சம் நிதானமாக அடங்குகின்றன. வால்வு கூட்டித்தரும் இரண்டாம் ஹார்மோனிக் தனி விஷயம். அடிப்படைச் சுருதிக்குச் சரியாக ஓர் எண்மம் மேலே விழும் அந்தச் சிதைவு உறுத்துவதில்லை, குரலுக்குச் சற்றுத் தசைப்பிடிப்பைத் தருகிறது. ஹெச்.டி. 650இல் அது அழகாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்த அழகுக்கு விலை உண்டு. 6080 வால்வின் இழை மட்டுமே 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் குடிக்கிறது, அதாவது இசை ஒலிக்காதபோதும் கிட்டத்தட்ட 16 வாட் வெப்பம். கண்ணாடி கைவைக்க முடியாதபடி சூடாகும் என்பதால் குழந்தைகள் புழங்கும் மேசைக்கு இது ஏற்றதல்ல. பாகங்களாக வாங்கிச் சால்டர் செய்து கோக்கிறவர்கள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் நூறு வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கும் மின்தேக்கிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓ.டி.எல். வகையில் ஹெட்ஃபோனை ஆம்ப்ளிஃபயர் சூடாகி நிலைப்பட்ட பிறகே செருகுவது நல்லது, ஏனென்றால் வெளியீட்டு மின்தேக்கி நிரம்பும்போது எழும் அதிர்ச்சி நேரே காதுக்கு வரும்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் டிரான்சிஸ்டரையே வாங்கச் சொல்வேன். நாளை ஹெட்ஃபோன் மாறினாலும் அது கைகொடுக்கும், பேஸில் 0.9 டெசிபெல் கூட்ட வேண்டுமானால் கணினியில் உள்ள ஈக்வலைசர் அதைச் செலவில்லாமல் செய்துவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயர், தம் 300 ஓம் ஹெட்ஃபோனை இனி மாற்றப்போவதில்லை என்று முடிவெடுத்து, அந்த ஒலிக்குணத்தைக் கேட்டுப் பார்த்து விரும்பியவருக்கே உரியது. அதே கிராக்கில் ஹெச்.இ.-6ஐச் செருகினால் 120 ஓமுக்கும் 50 ஓமுக்கும் இடையிலான பங்கீட்டிலேயே 10 டெசிபெல்லுக்கு மேல் கரைந்துவிடும், மிஞ்சியதை ஓட்டவும் வால்விடம் மின்னோட்டம் இருக்காது. பிளேனர்களின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் அந்த இதமான பேஸ்கூட அங்கே கிடைக்காது, நட்டம் மட்டுமே மிஞ்சும். பிளேனர் வாங்கியவர் 32 அல்லது 50 ஓமில் ஒரு வாட்டாவது தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைத் தவிர வேறு பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

இடம், வலம் ஒவ்வொன்றையும் எதிரெதிரான இரண்டு சமிக்ஞைகளால் ஓட்டும் பேலன்ஸ்டு இணைப்பு மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறது, கூடவே வெளியீட்டு மின்மறுப்பையும் இரட்டிப்பாக்குகிறது. ஹெச்.இ.-6க்கு அது உதவலாம். 2.2 வோல்ட்டில் நிறைவடையும் ஹெச்.டி. 650க்காகப் புதிய கேபிளும் 4.4 மி.மீ. செருகியும் வாங்குவது வீண் செலவு.

கடையிலோ நண்பர் வீட்டிலோ இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், ஒலியளவைக் காதால் சமப்படுத்த முயல வேண்டாம். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது சத்தம் கூடியதாக உணராமல் தெளிவு கூடியதாகவே உணரும். 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, அந்த அதிர்வெண்ணில் ஏ.சி. வோல்ட்டைச் சரியாகக் காட்டும் மல்டிமீட்டரால் இரண்டு வெளியீடுகளையும் அளந்து, வேறுபாடு 1 விழுக்காட்டுக்குள் வரும்வரை குமிழ்களைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஹெட்ஃபோனைச் செருகிய நிலையிலேயே அளப்பது முக்கியம். செருகாமல் அளந்தால் 120 ஓம் வால்வு ஆம்ப்ளிஃபயர் மீட்டரில் சமமாகத் தெரிந்தபடியே காதில் 2.8 டெசிபெல் தாழ்ந்து ஒலிக்கும். அந்த ஒப்பீட்டில் டிரான்சிஸ்டர் வெல்வது அதன் தரத்தால் அல்ல, அளந்த முறையால்.