மூளை வளர்ச்சிக் காரணிக்கான ரத்தப் பரிசோதனை: ஊதா மூடியும் சிவப்பு மூடியும்

கொகைன் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் என் தம்பிக்காக, சென்னையில் ஒரு தனியார் லேபில் ‘மூளை மீட்பு பேக்கேஜ்’ என்று விற்கப்படும் பரிசோதனையை இரண்டு மாத இடைவெளியில் இருமுறை செய்தோம். ஒரு முறைக்கு 4,800 ரூபாய். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த இளைஞர் கைதேர்ந்தவர். ஆனால் அடுக்குமாடி வாசலில் நின்று, “டீ-அடிக்‌ஷன் சாம்பிள்தானே சார்?” என்று காவலாளியின் காதில் விழும்படி அவர் கேட்டதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

பேக்கேஜில் முதன்மையானது மூளை வளர்ச்சிக் காரணியான பிடிஎன்எஃப் (BDNF) என்னும் புரதத்தின் அளவு. 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது, நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் தமக்குள் இணைப்புகளை உண்டாக்கிக்கொள்ளவும் துணைபுரிகிறது. முதல் அறிக்கையில் மில்லிலிட்டருக்கு 1.9 நானோகிராம், இரண்டாவதில் 24. அருகிலேயே பச்சை அம்புக்குறியும் ‘சிறப்பான முன்னேற்றம்’ என்ற வரியும். அன்று மாலை வீட்டில் பாயசம். எனக்கு மட்டும் ஓர் உறுத்தல்: முதல் முறை ரத்தம் எடுத்த குழாயின் மூடி ஊதா, இரண்டாம் முறை சிவப்பு.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதபடி மருந்து இருக்கும். அதிலிருந்து கிடைப்பது பிளாஸ்மா. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் எடுப்பார்கள். ரத்தத்தில் உள்ள பிடிஎன்எஃபில் பெரும்பகுதியைத் தட்டணுக்களே சேமித்து வைத்திருந்து, உறையும்போது வெளியிடுவதால், ஒரே கையில் ஒரே நாளில் எடுத்தாலும் சீரத்தின் அளவு பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு கூடுதலாகவே வரும். எதில் அளந்தார்கள் என்று இரண்டு அறிக்கைகளிலும் ஒரு சொல்கூட இல்லை. தொலைபேசியில் விசாரித்தபோது, “மெஷின் அதேதான் சார்” என்றார்கள்.

ஒரே வகைக் குழாயில் எடுத்திருந்தாலும் அந்தப் பச்சை அம்புக்குறிக்கு நியாயம் இருந்திருக்காது. கொகைனை நிறுத்தியவர்களிடம் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், சீரத்தில் பிடிஎன்எஃப் கூடுதலாக இருந்தவர்களே விரைவில் பழக்கத்துக்குத் திரும்பினார்கள். எலிகளிலோ, கொகைனை நிறுத்திய நாட்கள் கூடக்கூட, வேட்கையோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இப்புரதமும் கூடுகிறது. போதாததற்கு, உடற்பயிற்சி, மனச்சோர்வு, அதற்கான மாத்திரைகள் எல்லாமே இந்த அளவை மாற்றக்கூடியவை. இரண்டு பரிசோதனைகளுக்கும் நடுவில் தம்பி பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் நடக்கத் தொடங்கியிருந்தான். மனச்சோர்வு மாத்திரையும் ஆரம்பித்திருந்தான். லேபில் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மனநல மருத்துவர் அறிக்கைகளை ஒருமுறை புரட்டிவிட்டு மேசை ஓரத்தில் வைத்தார். தம்பியின் தூக்கத்தைப் பற்றி வெகுநேரம் விசாரித்தார். அடுத்த வாரத்துக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கடைசி இரண்டு, மூன்று நாட்களுக்குள் கொகைன் எடுத்தாரா என்பதை அது காட்டிவிடும், செலவும் குறைவு. லேபோ மூன்றாம் பரிசோதனையை இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாவதற்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.