மல்லியா, கனகாம்பரமா? கீழ்புறச் சுவரோரத்துக்கு எது சரி

ராமநாதபுரம் கரையோரத்தில் வீட்டுக்குக் கீழ்புறம் நாலடி மண் கிடைத்தால் அது கொடுப்பினை. காலை வெயில் நன்றாக விழும், உச்சி சாய்ந்ததும் வீட்டு நிழல் வந்து மூடிக்கொள்ளும். ஆனி, ஆடியில் மணலை வாரி இறைக்கும் கச்சான் காற்றையும் வீடே தடுத்துவிடும். மேல்புறத்தில் வைத்தால் இலை கருகும் செடிகூட இங்கே பிழைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் முதலில் ஊன்றுவது குண்டுமல்லிதான். காரணம் உண்டு. மதுரை வரைக்கும் மல்லிப் பதியன் போவது ராமேஸ்வரம் தீவில் இருக்கும் நம்ம தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து. கையெட்டும் தூரத்தில் நல்ல நாற்று இருக்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? நான் வாங்கப் போனபோது நாற்றுக்காரர் சொல்லத்தான் செய்தார்: "சுவரோரமா தாயி? நெழல்ல எலதான் வரும், பூ வராது." கேட்காமல் மூன்று செடி வைத்தேன். மூன்று வருஷமும் அவர் சொன்னபடிதான் நடந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, கொடி போலத் தாவின. இலை கரும்பச்சையாக, அகலமாக, மெல்லிசாக இருந்தது. கொத்துக்கு ஒன்றோ இரண்டோ ஒல்லி மொட்டு. மல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். கார்த்திகையில் கவாத்து பண்ணினாலும் எரு வைத்தாலும் அரை நாள் வெயிலை அதனால் ஈடுகட்ட முடியாது.

அதே சுவரோரத்தில் கனகாம்பரத்தின் கதை வேறு. இளநிழல் அதற்குப் பிடித்த இடம். மதிய வெயிலில் துவண்டு தொங்கும் இலை, இங்கே நாள் முழுக்க விறைப்பாக நிற்கிறது. பூக்கதிர் அடியிலிருந்து மேலாக மலர்ந்துகொண்டே போகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தால் போதும். மல்லியைப் போல இருட்டோடு எழுந்து மொட்டாகப் பறிக்க ஓட வேண்டியதில்லை, கட்டிய சரமும் சீக்கிரம் வாடாது. பூ முடிந்த கதிர் காய்ந்த பிறகு தண்ணீர் பட்டால் விதைக்கூடு டப்பென்று வெடிக்கும். மழை தொடங்கிய வாரத்தில் செடியைச் சுற்றி இரண்டிலைக் கன்றுகள் தானாக முளைத்துக் கிடக்கும். டெல்லிக் கனகாம்பரம் விதை பிடிக்காது, அதற்குக் குச்சிதான் வெட்டி ஊன்ற வேண்டும். குறை என்றால் வாசனை இல்லை. வெள்ளிக்கிழமை தலையில் வைக்கும்போது மனசு மல்லியைத் தேடத்தான் செய்கிறது.

இன்னொரு குறை வேரில் இருக்கிறது. கனகாம்பரத்துக்கு நூற்புழு பெரிய எதிரி. செடி காரணமில்லாமல் மஞ்சளாகிக் குறுகினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். குழிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுவதும், வெயில் படும் முன்வரிசையில் செண்டுப்பூ வைப்பதும் உதவும்.

மல்லியை விடவே முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறோம். சித்திரை பிறக்கும்போது நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே விழும். கீழ்புறச் சுவரோரம் 12.15 வாக்கில்தான் நிழலுக்குள் போகத் தொடங்கும். அதன்பின் ஆவணி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்தே போகும். மல்லி பூக்கும் பருவமும் பங்குனியிலிருந்து புரட்டாசி வரைதான். ஆகவே கீழ்புறத்திலேயே வடகிழக்கு மூலையில், சுவரை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தென்கிழக்கு மூலைக்கு மார்கழியில்தான் கூடுதல் வெயில். அப்போது மல்லி பூக்காது, அந்த வெயிலால் அதற்கு லாபமில்லை.

வெயில் கணக்கு இவ்வளவுதான். நம் பக்கத்தில் முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர். தீவின் மணலில் சில இடங்களில் நல்ல ஊற்று இருக்கிறது. பல வீடுகளில் போரைத் திறந்தால் சவர்த் தண்ணீர்தான். சவர் பட்டால் இரண்டும் முகம் சுளிக்கும். என் வீட்டில் முதலில் நுனி கருகியது கனகாம்பரம், மல்லி கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதனால் கனகாம்பரத்துக்கு அரிசி களைந்த தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் தனியாகச் சேர்த்து ஊற்றுகிறேன். ஏசித் தண்ணீரில் உப்பே கிடையாது. சவரைத் தவிர வேறு வழியில்லை என்றால் தூரில் மட்டும் ஊற்றுங்கள், இலையில் தெளிக்கவே கூடாது. தை, மாசியில் மழை நின்றபிறகும் கடல் காற்று கீழ்புறம் அடித்துக்கொண்டிருக்கும். இலையில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் கரிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

ஒரு குடம் நல்ல தண்ணீர்கூட ஒதுக்க முடியாத வீட்டுக்கு நான் இரண்டையுமே சொல்ல மாட்டேன். நித்தியகல்யாணி வையுங்கள். கடற்கரை மணலில் தானாக வளரும் செடி, உப்பையும் அரை வெயிலையும் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும். அரளி அதைவிட உப்பைத் தாங்கும், ஆனால் நிழலில் பூ குறையும். இரண்டிலும் விஷம் உண்டு. ஆடு உள்ளே வரும் வீடு, வாயில் எதையும் வைக்கும் குழந்தை உள்ள வீடு என்றால் வேண்டாம். செம்பருத்திக்கு இந்த இடம் ஒத்துக்கொள்ளும், மாவுப்பூச்சியை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை இலைக்கு அடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெற்றிலை நிழலுக்கு ஏற்றதுதான்; ஆனால் ஈரமும் நல்ல தண்ணீரும் ஓயாமல் கேட்கும், ஏசித் தண்ணீர் மட்டும் அதற்குப் போதாது.

எதை வைத்தாலும் வெறும் கடல் மணலில் வைக்காதீர்கள். ஒரு அடிக் குழி வெட்டி, செம்மண்ணும் மட்கிய ஆட்டுப்புழுக்கையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். குழியை ஆவணியில் வெட்டி ஆறப்போட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டுவிட்டால், வேர் பிடிக்கும்வரை மழைத் தண்ணீரே கிடைக்கும்.